ஒன்றரை ஷிப்டு உழைப்பும் உட்கார்ந்த தொடையும்

காலை ஏழரை மணிக்கு அவிநாசிபாளையம் நாலு ரோட்டில் நின்றால் கண்ணில் அதிகம் படுவது வேன்கள்தான். வடக்கே திருப்பூர், தெற்கே தாராபுரம், மேற்கே பல்லடம், கிழக்கே காங்கயம். சுற்றுப்பட்ட ஊர்களில் ஆள் ஏற்றிக்கொண்டு பனியன் கம்பெனி வேன்கள் போய்க்கொண்டே இருக்கும். அவற்றில் ஒன்றில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஓவர்லாக் டெய்லர். எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்டு முடிந்து எழும்போது ராத்திரி எட்டரை. வீடு வந்து சேரும்போது கழுத்தையும் இடுப்பையும் கழற்றித் தனியே வைத்துவிடலாமா என்றிருக்கும்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மருத்துவ முகாமில் விரல் நுனியில் குத்திப் பார்த்து, பிறகு ஆய்வகத்திலும் உறுதிசெய்து, "சுகர் இருக்குதம்மா" என்று சொன்னால் அவர் என்ன கேட்பார்? "பொழுதுக்கும் பாடுபடுற எனக்கு எப்படிங்க சுகர் வரும்? உக்காந்து திங்கிறவங்களுக்குத்தானுங்களே அது வரும்?"

கேள்வி நியாயமானது. பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் உழைத்த அவரும் அந்த நேரமெல்லாம் உட்கார்ந்துதான் இருந்தார். கண் உழைத்தது, விரல் உழைத்தது, தோளும் முதுகும் விறைத்து நின்றன. உடம்பிலேயே பெரிய தசைகளான தொடையும் புட்டமும் மட்டும் ஸ்டூலில் ஓய்வாக இருந்தன. உடம்பு களைத்துப்போவது வேறு, பெரிய தசைகள் அசைவது வேறு. இன்சுலின் சொல்வதை நம் செல்கள் எப்படிக் கேட்கின்றன என்று பார்த்தால் இந்த வித்தியாசம் விளங்கிவிடும்.

சோற்றிலுள்ள சர்க்கரை எங்கே போகிறது?

ஆரோக்கியமான ஒருவர் காலையில் வெறும் வயிற்றில் இருக்கும்போது, உடம்பில் ஓடும் மொத்த ரத்தத்திலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் ஏறக்குறைய 5 கிராம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை அளவு. மதியம் அவர் சாப்பிடும் ஒரு தட்டுச் சோற்றில் இருக்கும் மாவுச்சத்தோ 60, 70 கிராமைத் தாண்டும். அது செரித்துக் குளுக்கோஸாக ரத்தத்துக்கு வருகிறது. அத்தனையும் ரத்தத்திலேயே தங்கிவிட்டால் சர்க்கரை அளவு பல மடங்கு எகிற வேண்டும். ஆனால் ஆரோக்கியமான உடம்பில் கொஞ்சம் ஏறி, இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது.

வந்த சரக்கை இறக்கி வைக்கக் குடோன்கள் இருப்பதால்தான் இது நடக்கிறது. கல்லீரல் ஒரு குடோன். கொழுப்புத் திசு இன்னொன்று. எல்லாவற்றிலும் பெரியது எலும்போடு ஒட்டிய தசைகள். குளுக்கோஸைக் கிளைக்கோஜன் என்ற பொருளாக அடுக்கிவைத்தால் தசைகளில் மட்டும் சுமார் 400 கிராம் வரை வைக்கலாம். கல்லீரலில் சுமார் 100 கிராம்தான் பிடிக்கும். ஆய்வகத்தில் இன்சுலினையும் குளுக்கோஸையும் நரம்பு வழியே ஏற்றி அளந்து பார்த்தபோது, உள்ளே போன குளுக்கோஸில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் தசைகளே வாங்கிக்கொண்டன. ரத்தச் சர்க்கரையின் கதையில் கணையத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூடத் தொடைக்குக் கிடைப்பதில்லை. கிடைக்க வேண்டும்.

முதல் மணி

குடோன் இருந்தால் மட்டும் போதாது. லோடு வண்டி வாசலில் வந்து நிற்கும்போது இறக்க ஆள் வேண்டும். தசைச் செல்லின் சுவரைக் குளுக்கோஸ் தானாகத் தாண்ட முடியாது. அதைத் தூக்கி உள்ளே விடுவதற்கென்றே 'குளூட்-4' என்ற புரதங்கள் இருக்கின்றன. சாதாரண நேரத்தில் அவை சுவரில் நிற்பதில்லை. செல்லின் உட்புறத்தில் சின்னச் சின்னப் பைகளுக்குள் ஒதுங்கியிருக்கும். லோடு வராத நேரத்தில் சுமைதூக்கும் ஆட்கள் குடோனுக்குள் நிழலில் படுத்திருப்பதைப் போல.

சாப்பிட்டதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அது குடோன் வாசலில் இருக்கும் காலிங்பெல்லை அழுத்துகிறது. செல்லின் வெளிச்சுவரில் உள்ள இன்சுலின் ஏற்பிதான் அந்தப் பெல். அழுத்தியதும் உள்ளே ஒரு புரதம் அடுத்ததைத் தட்டியெழுப்ப, அது இன்னொன்றைத் தட்டியெழுப்ப, சேதி வரிசையாகப் போய்ச் சேருகிறது. கடைசியில் குளூட்-4 ஆட்கள் எழுந்து வாசலுக்கு வந்து குளுக்கோஸை இறக்கத் தொடங்குகிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கி இன்சுலினும் குறைந்ததும் அவர்கள் மறுபடி உள்ளே போய்விடுகிறார்கள்.

பெல் அடித்தும் ஆள் வராதபோது

1936-ல் லண்டன் மருத்துவர் ஹரால்டு ஹிம்ஸ்வொர்த் ஒரு விஷயத்தைக் கண்டார். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலினையும் குளுக்கோஸையும் சேர்த்துக் கொடுத்தபோது சிலருக்குச் சர்க்கரை கட்டுப்பட்டது, சிலருக்கு ஏறியது. இரண்டாவது வகையினரின் உடம்பு இன்சுலின் இருந்தும் அதற்குச் செவிசாய்க்கவில்லை. இதைத்தான் இன்று 'இன்சுலின் எதிர்ப்பு' என்கிறோம். பெல் நன்றாகத்தான் இருக்கிறது. வாசலுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள வயரில் கோளாறு.

கோளாறுக்கு ஒரு முக்கியக் காரணம் கொழுப்பு, அதுவும் இருக்கக் கூடாத இடத்தில் சேரும் கொழுப்பு. செலவாகாமல் மிஞ்சும் ஆற்றல் தசைச் செல்லுக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் கொழுப்பாகத் தேங்குகிறது. அதிலிருந்து பிரியும் சில வேதிப்பொருட்கள் இன்சுலின் அனுப்பும் சேதியை நடுவழியில் மறிக்கின்றன. ஒருமுறை அழுத்தியதற்கு ஆள் வராவிட்டால் கணையம் பத்துமுறை அழுத்துகிறது, அதாவது இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. இந்தக் கட்டத்தில் பரிசோதித்தால் சர்க்கரை சரியாகத்தான் இருக்கும். இப்படியே பல வருடம் ஓடலாம். ஒருநாள் கணையம் களைத்துப் பின்வாங்கும்போதுதான் அளவு ஏறி, விஷயம் வெளியே தெரிகிறது.

நம்மவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. 2004-ல் 'லான்செட்' இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கும் எடைக்குமான விகிதத்தைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு, தசையோ குறைவு. இந்தியர்களிடம் இது பரவலாகக் காணப்படும் உடல்வாகு. "நானெல்லாம் குண்டே இல்லையே" என்ற சமாதானம் இங்கே செல்லாது. எடை மிஷினைவிட இடுப்பைச் சுற்றும் டேப் அதிகம் சொல்லும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற அளவைத் தாண்டினால் கவனம் வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு சென்னையிலிருந்து நடத்தப்பட்ட 'இண்டியாப்' ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய், இன்னும் 13 கோடிப் பேருக்கு மேல் அதன் வாசற்படியில். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நோய் இருந்தது. ஏழு பேருக்கு ஒருவர். ஒரு கம்பெனி வேனில் வரும் ஆட்களோடு வைத்துப் பார்த்தால் அது இரண்டு, மூன்று பேர்.

இரண்டாவது மணி

இனிதான் நல்ல செய்தி. குடோனுக்கு ஆட்களை எழுப்ப இன்னொரு மணியும் இருக்கிறது. அதற்கு இன்சுலின் தேவையில்லை.

இன்சுலின் மருந்தாகப் பயன்பாட்டுக்கு வந்தது 1922-ல். நான்கே வருடத்தில், 1926-ல், லண்டனில் ஆர்.டி. லாரன்ஸ் என்ற மருத்துவர் ஓர் உண்மையை எழுதிவைத்தார். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு சும்மா இருப்பதைவிட, ஊசி போட்டுக்கொண்டு உடற்பயிற்சியும் செய்தால் சர்க்கரை அதிகமாக இறங்குகிறது என்றார். லாரன்ஸே சர்க்கரை நோயாளி, இன்சுலினால் உயிர் பிழைத்தவர். ஏன் அப்படி இறங்குகிறது என்பது தெளிவாக இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

தசை சுருங்கி விரியும்போது உள்ளிருக்கும் எரிபொருள் மளமளவென்று தீர்கிறது. குடோனின் ஸ்டோர்கீப்பரைப் போல இருப்பைக் கவனித்துக்கொண்டே இருக்கும் 'ஏ.எம்.பி.கே.' என்ற நொதி, இருப்பு குறைந்ததும் குரல் கொடுக்கிறது. தசை சுருங்கும்போது வெளிப்படும் கால்சியமும், சுருங்கும் இழுவிசையும் தம் பங்குக்குச் சேதி அனுப்புகின்றன. இந்தச் சேதிகள் வாசல் பெல் வழியாக வருவதில்லை. உள்ளே ஓடும் லைனிலிருந்து நேரே ஆட்களின் காதுக்குப் போகின்றன. குளூட்-4 எழுந்து வாசலுக்கு வருகிறது, சர்க்கரை உள்ளே போகிறது.

இதில் முக்கியமான இடம் ஒன்று உண்டு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வந்தவர்களிடம் பழுதாவது முதல் மணியின் வயர்தான். இரண்டாவது மணி பெரும்பாலும் பழுதாவதில்லை. சைக்கிள் மிதிக்கச் சொல்லி, தசையில் ஒரு துளி எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் நோயாளிகளின் குளூட்-4 சரியாகவே வாசலுக்கு வந்து நின்றது. இன்சுலின் எதிர்ப்பு எவ்வளவு இருந்தாலும் நடக்கும் காலுக்குள் சர்க்கரை போகும் என்பதே இதன் பொருள். மருத்துவர் சீட்டில் மாத்திரைக்குப் பக்கத்திலேயே "நடக்கவும்" என்று எழுதுவது சம்பிரதாயத்துக்கு அல்ல.

உதைத்த காலும் உதைக்காத காலும்

நடந்து முடித்து உட்கார்ந்ததும் பலன் போய்விடுமா? இதற்குக் கோபன்ஹேகனில் எரிக் ரிக்டரும் அவருடைய சகாக்களும் 1989-ல் அழகான ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களை உட்காரவைத்து ஒரு காலால் மட்டும் ஒரு மணி நேரம் எடையை உதைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. நான்கு மணி நேரம் கழித்து இன்சுலினை ஏற்றி, இரண்டு கால்களும் எவ்வளவு குளுக்கோஸை வாங்குகின்றன என்று அளந்தார்கள். ஒரே ஆள், ஒரே ரத்தம், ஒரே இன்சுலின். உதைத்த கால் அதிகம் வாங்கியது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். ஒன்று, பயிற்சியின்போது இரண்டாவது மணி அடித்து ஓய்ந்த பிறகும், அந்தத் தசைக்கு முதல் மணி முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது. பயிற்சியில் காலியான இருப்பை நிரப்பிக்கொள்ளத் தசை ஆவலாக இருக்கிறது. இந்தக் கூர்மை ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை நிற்கும். பிறகு மங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சாக மூன்று மணி நேரம் நடந்துவிட்டு ஆறு நாள் சும்மா இருப்பதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாளாவது நடப்பது மேல் என்பதற்கும், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்று சர்க்கரை நோய் வழிகாட்டுதல்கள் சொல்வதற்கும் காரணம் இதுதான்.

இரண்டாவது பாடம், எந்தத் தசை வேலை செய்கிறதோ அந்தத் தசைக்குத்தான் இந்தக் கூர்மை. இப்போது நம் ஓவர்லாக் டெய்லரின் கேள்விக்கு வருவோம். அவர் உழைப்பில் கண்ணும் விரலும் கழுத்தும் பங்கெடுத்தன. அந்தச் சிறு தசைகள் செலவழிக்கும் சர்க்கரை சொற்பம். பவர் மிஷின் பெடலில் பாதம் அழுத்தி நிற்கிறதே தவிர, காலைத் தூக்கி வைக்கும் வேலை எதுவும் இல்லை. அதே ஊரில் விசைத்தறிக் குடோனில் ஆறு தறி பார்க்கிறவர் இங்குமங்கும் நடந்துகொண்டே இருக்கிறார். காட்டில் களை வெட்டுகிறவர் குனிந்து நிமிர்கிறார். நாள் முடிவில் மூவரும் ஒரே மாதிரி அசந்துபோவார்கள். தொடைத் தசையின் கணக்கில் மட்டும் மூவருக்கும் பெரிய வித்தியாசம்.

பழகிய உடம்பு

ஒரு நாள் நடந்தால் ஒரு நாள் பலன். வாரக்கணக்கில் தொடர்ந்தால் குடோனே மாறுகிறது. குளூட்-4 புரதத்தைத் தசை கூடுதலாகத் தயாரிக்கிறது, அதாவது சுமை தூக்கும் ஆட்களின் எண்ணிக்கையே கூடுகிறது. தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் புதிதாக முளைக்கின்றன, லோடு வண்டி கடைசி மூலை வரை போக வழி கிடைக்கிறது. எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. தேங்கிக் கிடந்த கொழுப்பு எரியத் தொடங்குகிறது. கல்லீரல் கொழுப்பும் குறைகிறது.

கொழுப்பைப் பற்றி ஒரு புதிரைச் சொல்ல வேண்டும். நீண்ட தூரம் ஓடிப் பழகிய விளையாட்டு வீரர்களின் தசைக்குள்ளும் கொழுப்பு நிறையவே இருக்கிறது, சில நேரம் சர்க்கரை நோயாளிகளின் அளவுக்கே. ஆனால் அவர்களுடைய தசை இன்சுலினுக்கு மிக நன்றாகச் செவிசாய்க்கிறது. வீரரின் கொழுப்பு தினமும் எரிந்து தினமும் நிரம்புகிறது, மற்றவருடையது கிடந்து தேங்குகிறது. ஓடுகிற வாய்க்கால் தண்ணீருக்கும் குட்டையில் நிற்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம்தான்.

கட்டியெழுப்ப வாரங்கள் ஆகின்றன, சரிவதற்கு அத்தனை நாள் வேண்டாம். 2010-ல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வில், நாளுக்குச் சுமார் 10,000 அடி நடந்துகொண்டிருந்த ஆரோக்கியமான 10 இளைஞர்களை இரண்டு வாரம் வெறும் 1,300 அடி அளவுக்கு நடையைக் குறைக்கச் சொன்னார்கள். காரில் போங்கள், படிக்கட்டில் ஏறாதீர்கள், அவ்வளவுதான். இரண்டே வாரத்தில் அவர்களுடைய உடம்பு இன்சுலினுக்குச் செவிசாய்ப்பது 17 சதவீதம் குறைந்தது. காலில் தசையும் கொஞ்சம் கரைந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவர் வீட்டு வாசலிலேயே வேன் ஏறத் தொடங்கும்போது அவருக்குள் என்ன நடக்கும் என்பதை இந்த 17 சதவீதம் சொல்லும்.

தசையின் அளவும் முக்கியம். வயது ஏற ஏறத் தசை குறைகிறது. குடோன் சிறுத்துக்கொண்டே போனால் அதே தட்டுச் சோற்றை இறக்க இடம் போதாது. நடை, உள்ள குடோனைச் சுறுசுறுப்பாக வைக்கும். எடை தூக்குவது, உட்கார்ந்து எழுவது போன்ற பயிற்சிகள் குடோனையே பெரிதாக்கும். இரண்டும் வேண்டும்.

சென்னை போட்ட கணக்கு

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பொருந்தும், நமக்கு எப்படி என்று கேட்கலாம். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-ல் வெளிவந்தன. சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இரண்டாவதற்குத் தினமும் குறைந்தது 30 நிமிட நடையும் உணவு மாற்றமும். மூன்றாவதற்கு மெட்பார்மின் மாத்திரை. நான்காவதற்கு இரண்டும்.

மூன்று வருடக் கணக்கில், ஆலோசனை மட்டும் பெற்ற குழுவில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளிகள் ஆகிவிட்டார்கள். நடையும் உணவும் மாற்றிய குழுவில் 39.3 சதவீதம். மாத்திரைக் குழுவில் 40.5 சதவீதம். இரண்டையும் சேர்த்த குழுவில் 39.5 சதவீதம். மாத்திரைக்கு நடை சளைக்கவில்லை. ஏற்கெனவே வேலையில் உடம்பு அசைபவர்களுக்குத் தனியாக நடை வேண்டும் என்று இந்த ஆய்வில் வற்புறுத்தவில்லை, உள்ளதைத் தொடரச் சொன்னார்கள். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நடைக் குழுவில் எடை குறிப்பிடும்படி குறையவில்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. "ரெண்டு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூடக் குறையல" என்று நடையை விட்டுவிடுகிறவர்களுக்கு இது பதில். எடை மிஷினுக்குத் தெரியாத மாற்றம் தசைக்குள் நடந்துகொண்டிருக்கும்.

ஷிப்டுக்குள் எப்படி?

வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. இந்தியர்களின் உடல்வாகைக் கருதி, இங்குள்ள வல்லுநர்கள் 2012-ல் நாளுக்கு 60 நிமிடம் என்று பரிந்துரைத்தார்கள். அரை மணி நேரம் வேக நடை போன்ற பயிற்சி, கால் மணி நேரம் வேலையோடு சேர்ந்த அசைவு, கால் மணி நேரம் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி.

எட்டரைக்கு உட்கார்ந்து எட்டரைக்கு எழுந்து, வீட்டுக்கு வந்து சோறாக்கி, பிள்ளைகளைக் கவனித்துப் படுக்கிறவரிடம் "ஒரு மணி நேரம் நடங்கள்" என்பது எளிது, செய்வது கடினம். நல்ல வேளையாக, அந்த ஒரு மணி நேரம் ஒரே துண்டாக இருக்க வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவில் 2012-ல் வெளியான ஆய்வில், 19 பேரை ஐந்து மணி நேரத்துக்கு மேல் உட்காரவைத்துச் சர்க்கரையை அளந்தார்கள். இன்னொரு நாள் அதே ஆட்களை 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 2 நிமிடம் மெதுவாக நடக்கவைத்தார்கள். இரண்டு நாளும் குடிக்கக் கொடுத்த பானம் ஒரேமாதிரியானதுதான். நடந்த நாளில் சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது.

டெய்லர் 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்தால் லைன் நின்றுவிடும், பீஸ் ரேட்டில் கூலியும் குறையும். ஆனால் நாளின் நடுவே சில சந்துகள் இருக்கின்றன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து, பதினைந்து நிமிட நடை அவற்றில் மிக மதிப்புள்ளது. சோற்றின் குளுக்கோஸ் ரத்தத்துக்கு வந்துகொண்டிருக்கும் நேரம் அது. வாசலில் லோடு நிற்கும்போதே ஆட்களை எழுப்புவதற்குச் சமம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருவில் ஒரு சுற்றும் அப்படித்தான். வேனிலிருந்து ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்குவது, கட் பீஸ் கட்டை எடுக்கத் தானே எழுந்து போவது, மாடியில் இருக்கும் செக்கிங் பகுதிக்குப் படியேறுவது எல்லாம் கணக்கில் சேரும்.

மிஷினில் உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் பயன் உண்டா? கெண்டைக்கால் தசையை இப்படி நீண்ட நேரம் இயக்கியபோது உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை நன்றாகக் குறைந்ததாக ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் 2022 ஆய்வு சொல்கிறது. ஆனால் ஆய்வு சிறியது, அதில் அசைவு மணிக்கணக்கில் நீடித்தது. நடைக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், நடைக்கு மாற்றாக வேண்டாம்.

தசையை வலுவாக்க ஜிம் வேண்டும் என்பதில்லை. பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணம் தொடைக்கும் புட்டத்துக்கும் அருமையான பயிற்சி. பத்துப் பத்தாக மூன்று தடவை, வாரத்தில் இரண்டு மூன்று நாள். முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றாமல் எழுந்து பழகலாம்.

தூக்கத்தையும் இதில் சேர்க்க வேண்டும். இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவைத்த சிகாகோ ஆய்வில் அவர்களுடைய உடம்பு குளுக்கோஸைக் கையாளும் திறன் தெளிவாகச் சரிந்தது. நைட் ஷிப்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு ஓடி ஓடி உடற்பயிற்சி செய்வதைவிட, நன்றாகத் தூங்கி எழுந்து நடப்பது உத்தமம்.

எல்லாவற்றையும் தொழிலாளி தலையில் மட்டும் கட்டக் கூடாது. சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம் கூட்டிக் கொடுப்பதும், வளாகத்தைச் சுற்றி நிழலில் நடக்க வழி வைப்பதும், நின்றும் உட்கார்ந்தும் செய்யும் வேலைகளை ஆள் மாற்றிக் கொடுப்பதும் முதலாளி கையில் இருக்கின்றன. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்துக் கொடுத்தார்கள். மாத்திரை வீட்டுக்கு வந்துவிடுகிறது. நடை, வேலை நேரத்துக்குள் இடம் பிடித்தால்தான் வரும்.

நடக்கத் தொடங்கும் முன்

சில எச்சரிக்கைகள் கட்டாயம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்களுக்கு நடையின்போதும் நடந்த பிறகும் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். இரண்டு மணிகளும் சேர்ந்து அடிப்பதால் வரும் வினை. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டல் வந்தால் உடனே நின்று மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் அதே அளவு. சட்டைப் பையில் மிட்டாய் வைத்துக்கொள்வது நல்லது. மாத்திரை அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும், தாமாக நிறுத்தக் கூடாது.

பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. நடந்து வந்ததும் பாதத்தை அடி வரை பார்க்க வேண்டும். விழித்திரை பாதிப்பு உள்ளவர்கள் மூச்சைப் பிடித்து எடை தூக்கும் முன் கண் மருத்துவரைக் கேட்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு அழுத்தமோ வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடுமையான பயிற்சி முடிந்ததும் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருப்பதாக மீட்டர் காட்டினால் பதற வேண்டாம். உடம்பு அவசரத்துக்குக் கல்லீரல் குடோனைத் திறந்துவிட்டதன் அடையாளம் அது, தானே இறங்கும்.

இன்னும் பரிசோதித்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு வரி. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரையோ, மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ1சி 5.7 முதல் 6.4 வரையோ இருந்தால் நீங்கள் வாசற்படியில் நிற்கிறீர்கள். சென்னை ஆய்வில் நடந்தவர்களும் அங்கிருந்துதான் புறப்பட்டார்கள்.

மறுநாள் காலை. அதே வேன், அதே ஓவர்லாக் மிஷின். மதியம் சாப்பாட்டு மணி அடிக்கிறது. டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு, வழக்கமாகச் சாயும் துணி மூட்டைப் பக்கம் போகாமல் அவர் பக்கத்து மிஷின்காரியைக் கூப்பிடுகிறார். "வாங்கக்கா, கேட் வரைக்கும் போயிட்டு வரலாம்." கேட் வரை போய்த் திரும்ப ஐந்து நிமிடம். இரண்டு சுற்று போனால் பத்து நிமிடம். பொழுதுக்கும் பாடுபட்ட அந்த உடம்பில் இதுவரை கூலியில்லாமல் கிடந்த தொடைக்கு அன்றுதான் முதல் ஷிப்டு.